பதினொன்று இருபதுக்கு வசவு

நூற்றிருபது இனத்தார் சண்டையில்லாமல் வாழும் ஊர் என்று எங்கள் தான்சானியச் சிற்றூர் ம்டோ வா ம்புவின் முகப்பில் பலகை வைத்திருக்கிறார்கள். என் ஆய்வேட்டிலும் அதையே எழுதினேன். எண்பத்து நான்கு பக்கம். உண்மையில் நான் வீடு வீடாகப் போய் எண்ணியது அறுபத்தொன்று. அதற்குள் கால் வலித்தது, மழையும் வந்துவிட்டது. மீதியைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

என் பெயர் நம்சிஃபு. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. சுற்றுலா படிக்கப் போகிறேன் என்றபோது, யானைக்கு வழிகாட்டப் போகிறாயா என்று அப்பா கேட்டார். யானையாவது நன்றி சொல்லும். இரண்டு வருடமாக வெள்ளைக்காரர்களைத் தினக்கூலிக்குக் கூட்டிக்கொண்டு நடந்தேன்: வாழைத்தோப்பு, நெல்வயல், மக்கோண்டேக்காரர்களின் மரச்சிற்பப் பட்டறை, சக்காக்காரர் வீட்டு வாழைக்கள். அப்போதுதான் அருஷா நகரத்திலிருந்து ஒரு சுற்றுலாக் கம்பெனி நிரந்தரத் தலைமை வழிகாட்டி வேண்டும் என்று வந்தது. மேலாளர் மேடம் கோக்கு ஒரு காலை முழுக்கக் கூடவே நடந்து பார்ப்பார். தேறினால் வேலை எனக்கு. இல்லையென்றால் பாஸ்கலுக்கு. பாஸ்கல் மாசாய் சிவப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு ஒற்றைக்காலில் போட்டோவுக்கு நிற்பவன். அவன் மாசாயே இல்லை, இராக்கூ இனத்தான். பள்ளிக்கூடமும் பாதிதான். அவனிடம் தோற்றால் என் பட்டத்தை அடுப்பில்தான் வைக்க வேண்டும்.

ஆகவே முந்தின நாள் ஒவ்வொரு இடமாகப் போய் எல்லோருக்கும் நடந்துகொள்ளும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். பட்டறையில் ரேடியோவை அணைக்கச் சொன்னேன். பல்லாண்டாக இங்கேயே வாழ்கிறவர்களுக்கே எப்படி இயல்பாக இருப்பது என்று வகுப்பு எடுத்தேன். இப்போது நினைத்தால் காது சுடுகிறது. கடைசியாகக் கள் காய்ச்சும் அமினியேலிடம் போய், நாளைக்கு ஒரு நாள் மட்டும் கேலி வேண்டாம் மாமா என்றேன். அவர் பானையைக் கிண்டிக்கொண்டேயிருந்தார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் பாரே இனம், அமினியேல் வீட்டார் சக்கா. எங்களுக்குள் கேலிமுறை. சந்தையில், கல்யாணத்தில், சாவு வீட்டில்கூட ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கஞ்சர்கள், கோர்ட்டுப் பைத்தியங்கள் என்று அவர்கள் எங்களைச் சொல்வார்கள். காசுப்பிசாசுகள் என்று நாங்கள் அவர்களைச் சொல்வோம். ஒரே ஒரு சட்டம், கோபப்படக் கூடாது. கோபப்பட்டவர் ஒரு கோழி அபராதம் கட்ட வேண்டும். இதைப் பற்றி என் ஆய்வேட்டின் முப்பத்தேழாம் பக்கத்தில் மிக அழகாக எழுதியிருக்கிறேன்.

விருந்தாளிகள் டென்மார்க்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி. காலை நன்றாகவே போனது. சண்டையே தெரியாத ஊர் என்று நான்கு தடவை சொன்னேன். மேடம் கோக்கு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். பதினொன்றே காலுக்கு அமினியேல் வீட்டுக்குள் நுழைந்தோம். அவர் சுரைக்குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார்.

"ஏய், பாரேக்காரி வந்துட்டா. பானையெல்லாம் உள்ள எடுத்து வைங்க. ஒரு மடக்கு குடிச்சிட்டு, குடுவை உதட்டைக் கிழிச்சிருச்சுன்னு கேஸ் போட்டுருவா."

அங்கே குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொல்கிறார் என்று டென்மார்க் அம்மா கேட்டார். உங்களை அன்போடு வரவேற்கிறார் என்றேன். அமினியேல் விடவில்லை. என் அப்பா பக்கத்து வீட்டு வாழைமரத்து நிழல் மேல் வழக்குப் போட்டதைச் சொன்னார். பாரம்பரிய வாழை வளர்ப்பை விளக்குகிறார் என்றேன். எங்கள் வீட்டில் ஒரே தேயிலையை ஈஸ்டருக்கு ஈஸ்டர்தான் மாற்றுவோம் என்றார். ஈஸ்டர் வாழ்த்து என்றேன். அது ஆகஸ்ட் மாதம். அமினியேல் பேசியது சுவாஹிலி, அது மேடத்துக்கும் தெரியும் என்பது என் மூளைக்கு எட்டவேயில்லை. இந்த நாட்டில் யாருக்குத்தான் தெரியாது?

அப்புறம் அமினியேல் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நாலு வருஷம் காலேஜுக்குப் போனியே தாயி. எங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கவா?"

இதற்கு என்னிடம் மொழிபெயர்ப்பு இல்லை. தினமும் ராத்திரி எனக்கு நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. அவர் அதைக் கள் குடிப்பவர்கள் முன்னால் வைத்துவிட்டார்.

"மரியாதையா பேசுங்க" என்று கத்தினேன். "இது இனவெறி. இவங்க முன்னாடி நம்ம மானத்த வாங்குறீங்க." இனவெறி என்பதை மட்டும் இங்கிலீஷிலும் சொன்னேன், படித்தவள் இல்லையா.

சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கிழவர் குடுவையைக் கீழே வைத்தார். டென்மார்க் அம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அமினியேலின் முகம் வாடிப் போனது. எனக்காக அவர்தான் வெட்கப்பட்டார். "கோழி" என்று மூலையிலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள். நூற்றிருபது இனத்தார் வாழும் ஊரில் அன்றைக்கு நடந்த ஒரே சண்டை நான் போட்டதுதான்.

மேடம் கோக்கு நோட்டை மூடினார்.

"இவர் ஆரம்பத்துலேர்ந்து சொன்னத அப்படியே இவங்களுக்குச் சொல்லு. ஒண்ணு விடாம. வாழைமரம், தேயிலை, வாசல் எல்லாம்."

சொன்னேன். என்னைப் பற்றிய வசவுகளை, என் நல்ல இங்கிலீஷில், இலக்கணப் பிழையில்லாமல். கேலிமுறையையும் கோழியையும் சொன்னேன். தேயிலைக்கு டென்மார்க் ஐயா சிரித்தார். வாசலை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அந்த அம்மா, நீ அவருக்கு என்ன பதில் சொல்லப் போகிறாய் என்று கேட்டார். அதுதானே முறை. எண்பத்து நான்கு பக்கத்தையும் மனசுக்குள் புரட்டினேன், ஒரு வசவு இல்லை. கடைசியில் அப்பாவின் பாணியில்தான் வந்தது.

"உங்க வீட்டுச் சேவல் கூலி பேசாம கூவுமா மாமா? உங்க ஆளுங்க பொணப்பெட்டியையே பாதி வெலைக்கு வித்துட்டு வெறுந்தரையிலதான படுப்பீங்க."

அமினியேல் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். குடுவை என் கைக்கு வந்தது. "கோழி கோழிதான்" என்றார்.

மறுநாள் மேடம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். வேலை எனக்குத்தான். பயண நிரலில் புதிதாக ஒரு வரி அச்சாகியிருந்தது: பதினொன்று இருபது, கேலி. விருந்தாளிகள் தங்கள் கடிதத்தில் மிகவும் புகழ்ந்தது என் கோபத்தையாம். அதையும் தினமும் செய்ய முடியுமா என்று கேட்டார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நான் படித்துவிட்டு வந்தவள், பாஸ்கல் மாதிரி வேஷம் கட்டி நிற்க வரவில்லை, அது எங்கள் வீட்டு உறவு, உங்கள் நிரலில் வரி போட்டு விற்பதற்கில்லை என்று மேசையைத் தட்டிக் கத்தினேன். பேனா ஸ்டாண்ட் சரிந்து விழுந்தது.

மேடம் பேனாக்களை நிதானமாகப் பொறுக்கினார்.

"இதேதான்" என்றார். "ஆனா கொஞ்சம் சுருக்கமா. அப்புறம் நெல்வயலுக்கு நேரமாயிடும்."

ஒரு பேனாவை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். கோழியை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. கோபப்படும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோழி என்று அமினியேல் கணக்குச் சொல்கிறார். முதல் நாள் கோபத்துக்கு மட்டும்தான் அபராதம் செல்லும், மற்றதெல்லாம் தொழில் என்று அப்பா வார்டு அலுவலகத்தில் மனுப் போட்டிருக்கிறார்.