பொய் சொல்லக்கூடாத அறை

தேர்வில் இது மூன்றாவது தடவை. இதிலும் போனால் ஃபைலை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் இந்த நாட்டில் அவள் எந்தக் காலத்திலும் நர்ஸ் ஆக முடியாது. விசா தீர்ந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

காத்திருக்கும் அறையில் வரிசையாக நீல நாற்காலிகள். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஏற்கெனவே நர்ஸாக இருந்தவர்கள். பிரசவம் பார்த்தவர்கள், நின்றுபோன நெஞ்சை அமுக்கி உயிரை இழுத்துப் பிடித்தவர்கள், டாக்டர் வந்து சேரும்வரை டாக்டராகவும் இருந்தவர்கள். இங்கே முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைகள் மாதிரி கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவளை எல்லோரும் இன்சார்ஜ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் ஒரு வார்டையே கட்டி மேய்த்தவள். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் துடைப்பதும் துவட்டுவதும் படுக்கை மாற்றுவதும்தான் வேலை. மாத்திரை டப்பாவைத் தொட்டால் அந்த வேலையும் போய்விடும். பட்டப்பெயரை வைத்தது அவளோடு அறையில் தங்கியிருக்கும் சின்னவள். அவளும் நர்ஸ்தான், அவளுக்கும் இன்றைக்குத்தான் தேர்வு, முதல் தடவை. வாயை மூடவே மாட்டாள் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"அக்கா, வயித்தைக் கலக்குது."

"இப்பத்தானேடி போயிட்டு வந்த?"

"மூணு தடவை போயாச்சு. இனிமே உள்ள இருக்கறது உசுரு மட்டும்தான்."

இன்சார்ஜுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தடவை தோற்றது வாயைத் திறக்காததால். கையைக் கழுவினாள், ஆனால் கழுவுகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் செய்யாததற்குச் சமமாம். நாற்பது படுக்கைக்கு ஒருத்தி ஓடுகிற வார்டில் "நான் இப்போது கை கழுவுகிறேன்" என்று அறிவித்துக்கொண்டு நின்றால் அவளையே ஒரு படுக்கையில் போட்டுக் கட்டிவைத்திருப்பார்கள். இரண்டாவது தடவை, கேட்காமல் நோயாளியின் கையைப் பிடித்துவிட்டாள். தப்புதான், ஒத்துக்கொள்கிறாள். ஆனால் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவளுக்கு எதையும் யாரும் முன்கூட்டிச் சொன்னதில்லை. ஒவ்வொரு வாசலிலும் நெற்றி வீங்கிய பிறகுதான் நிலை தாழ்வு என்று தெரியவரும்.

பெயரைக் கூப்பிட்டார்கள்.

வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு சோதனை, மணி அடித்தால் அடுத்த அறை. இந்தத் தடவை வாய் ஓயவே இல்லை. கழுவுகிறேன், உறை மாட்டுகிறேன், உங்கள் கையைத் தொடலாமா, ஊசியை டப்பாவில் போடுகிறேன். ரப்பர் பொம்மையிடம்கூட அனுமதி கேட்டாள். கடைசி அறைக் கதவுக்கு வந்தபோது, இதைத் தாண்டிவிட்டால் போதும் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததுமே பயம் இரண்டு மடங்காயிற்று.

கதவில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்தாள். நோயாளி முதியவர். கணையத்தில் புற்றுநோய், முற்றிய நிலை. காலையில் மகளை உடன் வைத்துக்கொண்டு டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு மனதில் ஏறவில்லை. அவர் கேட்பதற்கெல்லாம் நர்ஸ் உண்மையான பதில் சொல்ல வேண்டும்.

ஊசி என்றால் கை பார்த்துக்கொள்ளும். இதை வாய்தான் செய்தாக வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்த வாய் இதை ஒருநாளும் செய்ததில்லை.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண் நின்றிருந்தாள். தேர்வுக்காக மகளாக நடிப்பவள். நடிப்பு என்று தெரிந்தும் அந்தக் கண் நிஜ மகளின் கண்ணாகவே இருந்தது.

"சிஸ்டர், அப்பாகிட்ட மறுபடி அந்தப் பேச்சை எடுக்காதீங்க. மனுஷன் தாங்க மாட்டாரு."

இன்சார்ஜின் தலை தானாக ஆடியது. ஊரில் இந்தத் தலையாட்டல்தான் பாதி வேலை. வராந்தாவில் மகனிடம் உண்மை, படுக்கையில் அப்பனிடம் பொய். அதற்குப் பெயர் பாசம். உள்ளே ஒரு காலை வைத்த பிறகுதான் தலையாட்டியது அவளுக்கே உறைத்தது.

கட்டிலில் முதியவர். கை கழுவும் தொட்டி, மூன்று அளவில் கையுறை, பாதி இழுத்த திரை. மூலையில் தேர்வாளர் அம்மா, மடியில் கணினிப் பலகை. முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டாள் போலிருந்தது.

பெயர் கேட்டாள், கை கழுவினாள், சொல்லிக்கொண்டே கழுவினாள். முதியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், உங்களைப் பார்த்தா நல்ல பொண்ணா தெரியுது. டாக்டர் என்னமோ பெரிய பேரா சொன்னாரு. எனக்குக் கேன்சரா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. சின்ன வீக்கம். மருந்து குடுத்தா சரியாயிடும்."

கை அவர் தோளைத் தட்டிக்கொடுத்தது. கேட்காமலே. அந்த 'அப்பா' மட்டும் அந்த நாட்டு மொழியில் வராமல் தமிழிலேயே வந்துவிட்டது. மூலையில் கணினிப் பலகையில் டிக் என்று ஒரு சின்ன சத்தம்.

வாயிலிருந்து விழுந்ததை அள்ள முடியாது. போச்சு. எல்லாம் போச்சு.

அவள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. முதியவர் முகம் மலர்ந்தது. "நிஜமாவா? அப்பாடா! அப்ப வீட்டை விக்க வேண்டாம்னு மகள்கிட்ட சொல்லிடறேன். அடுத்த வருஷம் மாடி எடுக்கணும்னு நினைச்சிருந்தேன்."

ஊரில் நோயாளிகள் நம்புவதுபோல் நடிப்பார்கள். அவளும் நம்ப வைப்பதுபோல் நடிப்பாள். இரண்டு பக்கமும் ஒரு ஒப்பந்தம் மாதிரி. இந்த ஆள், நடிக்கவே கூலி வாங்குகிற இந்த ஆள், நம்பிவிட்டார். அடுத்த வருஷம் இல்லாத ஒருவர் மாடி எடுக்கப்போகிறார்.

எச்சரிக்கை மணி அடித்தது. நேரம் கொஞ்சம்தான் பாக்கி. பேசாமல் வெளியே போய்விடலாம். தப்பு அந்த ஒரு பொய்யோடு நிற்கும். வாயைத் திறந்தால், பொய் சொன்னேன் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். எது பெரிய தப்பு என்று எந்தப் பாடத்திலும் இல்லை. நாற்காலியை இழுத்து அவர் கண்ணுக்கு நேரே உட்கார்ந்தாள்.

"ஐயா, நான் இப்ப சொன்னது பொய்."

முதியவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"உங்களுக்கு வந்திருக்கறது கேன்சர்தான். கணையத்துல. முத்தியிருக்கு. குணப்படுத்த முடியும்னு நான் சொல்லக்கூடாது. வலிக்காம பார்த்துக்க முடியும், அதைச் சொல்லலாம். நான் பயந்துட்டேன். அதனாலதான் முதல்ல அப்படிச் சொன்னேன். மன்னிச்சுடுங்க."

கேன்சர் என்ற அந்த ஒரு சொல்லை அவள் ஒரு நோயாளியின் முகத்துக்கு நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. முதியவர் திரைப் பக்கம் திரும்பினார். பிறகு கையை நீட்டினார். பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுப் பிடித்தாள்.

"கொஞ்சம் இருங்க," என்றார்.

மணி அடித்தது. மணி அடித்தால் உடனே வெளியேற வேண்டும், அதுதான் விதி. அவர் விடவில்லை. அவளாலும் உதற முடியவில்லை. "நேரம் முடிந்தது," என்றாள் தேர்வாளர், குரல் ஏறாமல் இறங்காமல். அதற்கப்புறம்தான் முதியவர் விரல்கள் தளர்ந்தன.

பஸ் நிறுத்தத்தில் ரேடியோ பிடித்துக்கொண்டாள். "கடைசி ரூம்ல என்ன சொன்ன அக்கா?"

"முதல்ல பொய் சொன்னேன். அப்புறம் அது பொய்னு சொன்னேன்."

"ரெண்டையும் ஏன் சொன்ன? எதுலயாவது ஒண்ணுல நில்லேன்! நான் பாரு, அந்தாள் கேட்டதும் பேந்தப் பேந்த முழிச்சேன். நான் முழிச்ச முழியில அவருக்கே புரிஞ்சிருக்கும்."

சாயங்காலம் முடிவு வரும் என்றிருந்தார்கள். அதுவரை இன்சார்ஜ் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் போய் இறங்குவதை, கணவன் எதுவும் கேட்காமல் பெட்டியை வாங்கிக்கொள்வதை, தெரு பார்ப்பதை, ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தாள். சமையலறை மேசையில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள், முகத்தைப் பார்க்கப் பயந்து ஒரு ஆளைத் திருப்பி உட்கார்த்தி வைத்ததுபோல. கடைசியில் ரேடியோதான் நிமிர்த்தினாள்.

"அக்கா. பாஸ்."

"விளையாடாத."

"அம்மா சத்தியமா. கீழ ஒரு வரி வேற போட்டிருக்கான். பொய்யான ஆறுதல் சொன்னாராம், தானே திருத்திக்கிட்டாராம். ஒரு மார்க்குல தப்பிச்சிருக்க." அவள் தன் போனைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். "எனக்கு ஊத்திக்கிச்சு. விடு, எனக்கு இன்னும் ரெண்டு தடவை பாக்கி இருக்கு. முதல்ல வீட்டுக்குப் பேசு."

கணவன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"பாஸாயிட்டேங்க."

மறுமுனையில் கத்தலும் இல்லை, சிரிப்பும் இல்லை. நீளமான ஒரு மூச்சு. வெகுநாளாகத் தலையில் வைத்திருந்த மூட்டையை இறக்கியவன் விடுகிற மூச்சு.

"என்னங்க?"

"நல்லது. ரொம்ப நல்லது. இப்ப பதறாம கேளு. உங்கம்மாவுக்கு லேசா உடம்பு முடியல. ஒண்ணும் இல்ல, இப்ப நல்லா இருக்காங்க."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். வராந்தாவிலிருந்து படுக்கைக்கு வரும்போது அவளே போட்டுக்கொள்கிற குரல் அது. இத்தனை நாளாக எப்போது கேட்டாலும் அம்மா தூங்குகிறாள், அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்ற பதில்தான். ஒரு தடவைகூட அவளுக்குச் சந்தேகம் தோன்றவில்லையே.

"சமாதானம் எல்லாம் வேணாங்க. நடந்ததைச் சொல்லுங்க."

"அது... வலது பக்கம் கை கால் இழுத்துக்கிச்சு. வாய் கோணிடுச்சு, பேச்சு வரல. உன் பரிட்சை கெட்டுடக் கூடாதுன்னு எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணினோம். உன் தம்பிதான் முதல்ல சொன்னான். ஆஸ்பத்திரியில இடம் இல்லைன்னு நேத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்."

"சாப்பிடறாங்களா?"

"தம்பிதான் பால் ஊட்டறான். நல்லாத்தான் குடிக்கறாங்க. என்ன, குடிச்சதும் கொஞ்சம் புரையேறுது. நேத்துலேருந்து லேசா காய்ச்சல்."

அவள் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ரேடியோ ஓடிவந்தாள்.

"உட்கார வெச்சு குடுக்கறானா, படுக்க வெச்சா?"

"படுத்தபடிதான். அவங்களால எங்க எழுந்திரிக்க முடியுது?"

"அது வயித்துக்குப் போகல. நுரையீரலுக்குப் போகுது. நிறுத்தச் சொல்லுங்க."

"இப்பத்தான் டம்ளரை எடுத்துட்டுப் போனான்—"

"ஓடுங்க!" என்று கத்தினாள். "போனை வைக்காதீங்க, கையிலயே வெச்சுக்கிட்டு ஓடுங்க."

செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கதவு. அதற்கப்பால், வெகுதூரத்தில், யாரோ இருமுகிற சத்தம்.