பதினைந்தாம் நூற்றாண்டுப் பீப்பாய்ச் சரிவு

எங்கள் ஹின்டர்முல்டனில் பழையது எதையும் இடிக்க முடியாது, புதியது எதையும் கட்ட முடியாது. இரண்டுக்கும் நடுவில் குடியிருக்கிறவர்கள் நாங்கள். நகர்மன்றத்தில் பதினோரு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களையும் பழைய பொருள் பட்டியலில் சேர்க்க ஒரு மனு நிலுவையில் இருக்கிறது.

கெர்லிண்டே ஹாபர்கோர்ன் கேட்டது ஒரே ஒரு சாய்தளம். கணவர் எவால்ட் நாற்பது வருடம் கூரைகளில் ஓடு மாற்றியவர், ஒருநாளும் விழுந்ததில்லை. பிப்ரவரியில் சோபாவில் உட்கார்ந்திருந்தபோது பக்கவாதம் வந்து சக்கர நாற்காலிக்குப் போய்விட்டார். வாசலிலோ மூன்று படிகள். சந்தைத் திடலுக்கு எதிர்ப்பக்கம் 'சிவப்பு எருது' மதுக்கடை. அங்கே வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்குக் கூடும் நண்பர்கள் மேஜையில் முப்பத்தெட்டு வருடமாக எவால்டுக்கு ஓர் இடம் உண்டு. ஏழு மாதமாக அந்த இடம் காலி. எவால்ட் ஜன்னலிலிருந்து பார்ப்பார். நண்பர்கள் அங்கிருந்து கையாட்டுவார்கள். வீட்டுக்கே போய்ப் பார்க்கலாமே என்றால், அழைக்காமல் ஒருவர் வீட்டுக்கு எப்படிப் போவது?

"நாலு பேர் சேர்ந்து தூக்கிட்டுப் போறோம்" என்று மதுக்கடைக்காரர் சொல்லியனுப்பினார்.

"நாலு பேர் தூக்குற நாள் வரும். அன்னைக்கு வரச் சொல்லு" என்றார் எவால்ட்.

சாய்தளத்துக்கான மனுவை நிராகரித்தவர் பாரம்பரியச் சங்கத் தலைவர் டாக்டர் ப்ரூக்னர். ஓய்வுபெற்ற பல்வைத்தியர். முப்பது வருடம் ஊரார் வாயில் ஓட்டை அடைத்தவர், இப்போது ஊர் வரலாற்றில் அடைக்கிறார், பெரும்பாலும் தங்கம் வைத்து. ஹாபர்கோர்ன் வீட்டு இரண்டாவது படியில் ஒரு விலங்கின் பாதத் தடம் இருக்கிறது. அது 1480-இல் காட்டிலிருந்து இறங்கி வந்த கரடியின் பாதம் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். ஊர்க் கையேட்டின் அட்டையில் அதுதான் படம். பேக்கரியில் கரடிப் பாத பிஸ்கட். அடுத்த மாதம் நெடுஞ்சாலையில் 'கரடிப் பாத நகரம்' என்று, சுற்றுலா இடங்களுக்கு மட்டுமே வைக்கும் பழுப்பு நிறப் பலகை வரப்போகிறது. ரயில் நிலையம் வைத்திருக்கும் திமிரில் இருக்கும் பக்கத்து ஊர் ஃபோர்டர்முல்டனுக்கு இன்றுவரை அப்படி ஒரு பலகை கிடையாது.

செப்டம்பர் கூட்டத்துக்கு கெர்லிண்டே ஒரு புகைப்படத்தோடு வந்தாள்.

"மேயர் ஐயா, இது எங்க மாமனார். ஐம்பத்தெட்டாம் வருஷம். கையில கரண்டி, பக்கத்துல சிமென்ட்டு. அந்தப் படியத்தான் போட்டுக்கிட்டிருக்காரு."

மேயர் ஸ்டூவே கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஓரத்துல நிக்கிறது?"

"ஃபிப்ஸ். எவால்டோட நாய். குட்டைக்கால் நாய். ஈர சிமென்ட்டுல கால வச்சதுக்கு அன்னைக்கு அடி வாங்குச்சு."

மேயர் என் பக்கம் திரும்பி, "பேனாவைக் கீழ வைங்க" என்றார். வைத்தேன். கையேட்டில் கரடியின் பசியை உருக்கமாக வர்ணித்தவன் நான்தான்.

"நாய்க்கும் கரடிக்கும் பாதத்துல பெரிய வித்தியாசம் இல்லை" என்றார் டாக்டர் ப்ரூக்னர்.

"பல்லுல இருக்கும் டாக்டர். அத நீங்க பாத்திருக்கணும்" என்றாள் கெர்லிண்டே. "எனக்குக் கரடியும் வேணாம், நாயும் வேணாம். எவால்ட் தெருவுக்கு வரணும், அவ்வளவுதான். இல்லேன்னா இந்தப் படம் ஃபோர்டர்முல்டன் பத்திரிகைக்குப் போகும்."

மேயர் கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர், ஏதாவது கண்டுபிடிங்க. சீக்கிரமா."

டாக்டர் கண்ணை மூடினார். "அந்த வீட்டுக்கு நிலவறை இருக்கா?"

"எல்லா வீட்டுக்கும்தான் இருக்கு" என்றார் மேயர்.

"நிலவறைன்னா பீப்பாய். பீப்பாய்ன்னா உருட்டணும். உருட்டணும்னா..."

"சரிவு!" என்று மேயர் எழுந்தே நின்றுவிட்டார்.

புதிய சாய்தளத்துக்குத்தான் எங்கள் ஊரில் தடை. அழிந்துபோன பதினைந்தாம் நூற்றாண்டுப் பீப்பாய்ச் சரிவை மீட்டெடுக்க எந்தத் தடையும் இல்லை. அது எப்போதாவது இருந்ததா என்று விதிமுறை கேட்பதில்லை. ஒருமனதாக நிறைவேறியது. பேனாவை எடுக்கச் சொன்னார்கள்.

படிகளை ஒட்டி ஓக் பலகையில் சரிவு எழுந்தது, வழுக்காமல் இருக்க இடைக்காலத்து ரப்பர் பட்டைகளோடு. திறப்பு விழா வியாழன் மதியம் மூன்று மணிக்கு. தீயணைப்புப் படை, பித்தளை வாத்தியம் எல்லாம் உண்டு. இஸ்திரி போட்ட சட்டையோடு எவால்ட் கதவுக்குப் பின்னால் காத்திருந்தார். மேயர் கற்காலத்தில் தொடங்கினார். டாக்டர் ப்ரூக்னர் பீப்பாய்களைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசினார். கைதட்டி முடித்தபோது நகராட்சி ஊழியர் வந்து சரிவின் குறுக்கே ஒரு சங்கிலியை மாட்டி, பலகையையும் தொங்கவிட்டார்: நினைவுச்சின்னம். பார்வை நேரம் 10 முதல் 12, 2 முதல் 5. திங்கள் விடுமுறை.

மணி ஐந்து பத்து.

"அது வெறும் கொக்கி" என்றாள் கெர்லிண்டே. "கழட்டிட்டு வா எவால்ட்."

எவால்ட் பலகையைப் படித்தார். மறுபடி படித்தார். "போர்டு போட்டிருக்காங்களே."

"உனக்காகக் கட்டுனதுடா அது!"

"அதுக்காக? ஆளாளுக்கு இஷ்டத்துக்குக் கழட்டினா ஊர் என்னத்துக்கு ஆகும்?"

எதிரே நண்பர்கள் ஐந்து பேரும் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். அவர் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். கெர்லிண்டே அந்தச் சங்கிலியைப் பார்த்த பார்வையில் இரும்பு உருகியிருக்க வேண்டும்.

மறுநாள் அவள் பார்வை நேரத்தை மாற்றக் கேட்டாள். அது மாவட்ட அலுவலகத்தின் கையில் இருந்தது. பதினெட்டு மாதம் ஆகும். நண்பர்களிடம் கூடும் நேரத்தை மாற்றக் கேட்டாள். அவர்கள் வெலவெலத்துப் போனார்கள். 1871-இலிருந்து ஏழு மணி! இரண்டு போர்களிலும் ஏழு மணி!

அவள் நேரே டாக்டர் ப்ரூக்னர் வீட்டுக்குப் போனாள், அழைப்பில்லாமல்.

"டாக்டர், 1871-க்கு முன்னாடி எத்தனை மணிக்குக் குடிச்சாங்க?"

"அது... ஆராய வேண்டிய விஷயம்."

"மெழுகுவத்தி வாங்க வக்கில்லாத ஜனங்க. வெளிச்சம் இருக்கும்போதே குடிச்சிருப்பாங்க, இல்லையா? ஒரு மூணு மணி வாக்கில?"

அவர் கண்ணில் விளக்கு எரிந்தது. பத்தே நாளில் பன்னிரண்டு பக்கக் கட்டுரை வந்தது. நண்பர்கள் மேஜை பழக்கத்தை மாற்றவில்லை, அதைவிடப் பழைய பழக்கத்துக்குத் திரும்பியது. ஐந்து பேரும் பெருமிதத்தோடு கையைத் தூக்கினார்கள்.

அந்த வியாழன் மூன்று மணிக்கு எவால்ட் சரிவில் இறங்கி, திடலைத் தானே உருட்டிக் கடந்து, தன் இடத்துக்குப் போனார். யாரும் நலம் விசாரிக்கவில்லை. பீர் கோப்பை வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார். ஐந்து முகங்களும் அவரையே பார்த்தன.

"சூடா இருக்கு. இதையா இத்தனை மாசமாக் குடிச்சீங்க?"

மதுக்கடைக்காரர் சீறினார், ஐவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள், யாரோ மேஜையைத் தட்டினார்கள்.

நாலே முக்காலுக்கு கெர்லிண்டே வாசலில் வந்து நின்றாள்.

"இன்னும் கால் மணி இருக்கு" என்றார் எவால்ட் திரும்பாமலே.

அவள் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெண்கள் அந்த மேஜையில் உட்கார்ந்ததாக எந்தச் சான்றும் இல்லை. டாக்டர் ப்ரூக்னரிடம் யாரும் கேட்கவுமில்லை.