சீனிவாசலு வீட்டில் பெய்யும் இரும்பு

சிங்காநல்லூரில் சீனிவாசலுவின் வீட்டில் மட்டும் தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு இரும்புச் சுருள் பெய்கிறது. லேத்தில் இரும்பைக் கடையும்போது சுருண்டு விழுமே, அதே சுருள்தான். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு, சூடு ஆறாமல், விளக்கு வைக்கும் நேரம் வரை விழும். காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ஒரு சுருள்கூட விழுவதில்லை என்பதால் அக்கம்பக்கத்தில் யாரும் புகார் சொல்லவில்லை. கூரைக்கு மேல் தகர ஷீட் போட்டுப் பார்த்தார்கள். சுருள் ஷீட்டுக்குக் கீழே, சீலிங் ஃபேனுக்கும் கீழேயிருந்து விழுந்தது. சீனிவாசலுவின் மனைவி பங்காரம்மா குடைக்கடியில் நின்றுதான் தாளிக்கிறார். சீனிவாசலுவுக்கு இதெல்லாம் நன்றாக வேண்டும் என்றுதான் ஊர் நினைக்கிறது. இதை எழுதுகிறவனும் அதற்கு மாறாக நினைக்கவில்லை.

பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை அவருடையது. ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கும் பட்டறைகளுக்கு அரசு உதவி உண்டு என்று தெரிந்ததும், வாசலில் ‘இலவச லேத் பயிற்சி’ என்று போர்டு மாட்டினார். காலங்காலமாகத் தோட்டங்காட்டில் கூலி செய்த குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். ஐயாசாமி, பொன்னாத்தாள் மகள் அன்புச்செல்வியும் வந்தாள். பிளஸ் டூ முடித்தவள். லேத் ஓட்டக் கற்றுக்கொண்டால் யார் தோட்டத்திலும் குனிய வேண்டியதில்லை என்று நினைத்து வந்தவள். முதல் நாள் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார்கள். மறுநாளும் அதையேதான் கொடுத்தார்கள். அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, லேத் பக்கத்தில் நிறுத்தி, சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுப்பார்கள். ஜீப் கேட்டைத் தாண்டுவதற்குள் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். மிஷினைத் தொடட்டுமா என்று கேட்டால், பொறு அம்மணி, கை போய்விடும் என்பார் போர்மேன் பாலகோபால். முதலாளியின் பேரன் வம்சி லீவுக்கு வந்து அதே லேத்தில் பம்பரம் கடைந்தபோது யார் கையும் போகவில்லை. மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காந்திபுரம் துணிக்கடைகளுக்குப் போய்விட்டார்கள். அன்புச்செல்வி போகவில்லை. ஷிப்ட் முடிந்ததும் சுருளைக் கூட்டி அள்ளிக்கொண்டு, லேத்தைப் பார்த்தபடியே இரண்டு வருடம் இருந்தாள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. பட்டறைக்காரர்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிய நாள் அது. அவரவர் ஓட்டும் மிஷினுக்கு அவரவரே பொட்டு வைப்பார்கள். வைத்துவிட்டால் மிஷினும் ஆளும் ஒன்று. அன்புச்செல்வி வீட்டிலிருந்தே சந்தனம் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் லேத்தை நெருங்குவதைப் பார்த்த சீனிவாசலு குறுக்கே வந்தார். மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து, தன் கையாலேயே அதற்குப் பொட்டு வைத்து அவளிடம் நீட்டினார்.

“அவங்கவங்க ஆயுதத்தைத்தான் கும்புடோணும் அம்மணி. உன்றது இது.”

பொரி தின்றுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் பக்கம் கழுத்தை அறுப்பதென்றாலும் அம்மணி என்று கூப்பிட்டுத்தான் அறுப்பார்கள். ஆனால், பொட்டு வைத்துக் கையில் கொடுத்துவிட்டால் விளக்குமாறும் ஆயுதம்தான் என்பதைப் பெரிய மனுசர் மறந்துவிட்டார். அன்புச்செல்வி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படியே வேண்டினாள்.

“இங்க கூட்டுனதெல்லாம் உங்க ஊட்டுக்கே வந்து சேரட்டுமுங்க.”

மறுநாள் சாயங்காலம் மழை ஆரம்பித்தது.

யாகம் செய்தார்கள். வேறு பக்கம் வாடகைக்கு வீடு பிடித்துப் போனார்கள். சுருளும் கூடவே போனது, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். கடைசியில், வம்பு செய்த இடத்திலேயே போய்க் கேளுங்கள் என்று பங்காரம்மாதான் சொன்னார். சீனிவாசலு அதுவரை கால் வைக்காத காலனிக்குப் போய், ஐயாசாமி வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சர்டிபிகேட்டை இப்போதே தந்துவிடுவதாகச் சொன்னார். பொன்னாத்தாள் காபி கொடுத்தார். சீனிவாசலு மறுக்காமல் குடித்தார்.

“சர்டிபிகேட்டு வேண்டாமுங்க,” என்றாள் அன்புச்செல்வி. “மிசினு வேணுமுங்க. எனக்கு மட்டுமில்லீங்க, போனவங்க அத்தன பேத்துக்கும்.”

துணிக்கடைகளிலிருந்து பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பாலகோபால் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். அன்புச்செல்வி முதலில் கடைந்த ஷாஃப்ட் பாழாகிவிட்டது; அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைக் கடைந்தாள். இப்போது அந்த லேத்துக்குப் பொட்டு வைப்பது அவள்தான். மற்ற பட்டறைக்காரர்களும் பிள்ளைகள் வந்த முதல் நாளே மிஷின் முன்னால் நிறுத்துகிறார்கள். அவர்கள் மனம் திருந்திவிட்டதாக யாரும் சொல்லவில்லை. சாயங்காலமானால் அவரவர் வீட்டுக் கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

மழை மட்டும் நிற்கவில்லை. அது ஆரம்பித்து இரண்டு வருடம் கழிந்த பிறகு சீனிவாசலு லேத் பக்கம் வந்து நின்று, கேட்டதையெல்லாம் செஞ்சுபோட்டேனுங்க அம்மணி, இன்னும் எதுக்குங்க இது என்றார். முதலாளி வாயிலிருந்து தனக்கு ‘ங்க’ வந்ததை அன்புச்செல்வி கவனித்தாள். ஆனாலும் லேத்தை நிறுத்தவில்லை.

“இப்பத்தானுங்களே சொல்லிக் குடுத்தீங்க. சும்மா போன ரெண்டு வருசத்த யாரு குடுப்பாங்க? இது வரைக்கும் உழுந்தது நான் கூட்டுனதுங்க. இனி மத்தவங்க கூட்டுனது இருக்குதுங்க.”

சீனிவாசலு தலையை ஆட்டிக்கொண்டார். போகிற வழியில் பழைய இரும்புக் கடையில் இறங்கி, சுருளை அள்ள வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் வண்டியை இனி இரண்டு முறை அனுப்பச் சொல்லிவிட்டு, ஐந்தரைக்குள் வீடு போய்ச் சேர்ந்தார்.