சங்கரம்மாளின் கிணறு

குற்றாலநாதனால் வலது தோளைத் தூக்க முடியவில்லை. அச்சன்புதூரில் ஒரு தோப்புக் கிணற்றுக்குள் கரும்பாறை குறுக்கே படுத்திருந்தது. வாரம் முழுக்கச் சம்மட்டி போட்டதில் தோள்மூட்டில் எரிச்சல் ஏறி, கழுத்துவரை பிடித்துக்கொண்டது. இடது கையால் மட்டும் சைக்கிளைப் பிடித்து, இலஞ்சி விலக்கைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தான். சட்டையை அவன் பெண்டாட்டி வேதாதான் கழற்றிவிட வேண்டியிருந்தது.

விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "வெலபோடுதவரு வந்தாரு. நம்ம பக்கத்த அளந்துட்டுப் போயிருக்காரு."

"எவ்வளவு போட்டாராம்?"

"நம்மகிட்டயா சொல்லுவாரு? கெணத்த எட்டிப் பாத்தாரு. சுத்துக்கட்டே இல்லையேன்னு உதட்டப் பிதுக்கினாரு. திங்கக்கெழம மரக்கணக்கு எடுக்க வருவாராம். அப்பொறம் எதுத்த வீட்டுக்குப் போனாரு. அங்கன இளநியெல்லாம் வெட்டிக் குடுத்து ஒரே உபசாரம்."

எழுபத்தொன்பதாம் வருஷத்துச் சாரல் தொடங்கியிருந்தது. சீசனுக்குக் குற்றாலம் போகிற பஸ்களும் வேன்களும் தென்காசி ரோட்டில் முட்டிக்கொண்டு நின்றன. ரோட்டை அகலப்படுத்துவதாக முடிவாகி, எடுக்க வேண்டிய நிலத்துக்கும் வீட்டுக்கும் மரத்துக்கும் மதிப்புப் போட நகரசபை ஆள் வைத்திருந்தது. வேலையில் இருந்து ஓய்வுபெற்ற ஓவர்சீயர்களைக் கூப்பிட்டுச் சம்பளம் பேசி இறக்கியிருந்தார்கள். இந்தப் பக்கத்துக்கு வந்தவர் சந்தானகிருஷ்ணன். வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்புக் குடை. அவருக்கு டேப் பிடிக்கிறவன் பீர் மைதீன்.

ரோட்டுக்கு மேற்கே குற்றாலநாதன் வீடு. நேர் எதிரே, கிழக்கே, தங்கச்சி சங்கரம்மாள் வீடு. அப்பன் விட்டுப்போன நிலமே அவ்வளவுதான், நடுவில் ரோடு. கிழக்குத் துண்டைத் தங்கச்சி பேருக்கு எழுதிவைத்து, அவளைப் பரமசிவனுக்குக் கட்டிக்கொடுத்தான். நகை போட வக்கில்லை. "நகைக்குப் பதிலா கெணறு வெட்டித் தாரேன்" என்று பந்தலில் நாலு பேர் கேட்கச் சொன்னான். சொன்னபடி வெட்டினான். கூலிக்கு ஊரான் கிணற்றை வெட்டிவிட்டு வந்து, மிச்சப் பொழுதில் தங்கச்சி கிணற்றுக்குள் இறங்கினான். அடியிலிருந்து மேல்வரை கல் அடுக்கிச் சுற்றுக்கட்டு வைத்தான். அந்தத் தண்ணீரில் பரமசிவன் தென்னை வைத்தான், வாழை வைத்தான், மோட்டார் போட்டான். தன் கிணற்றுக்குச் சுற்றுக்கட்டு வைக்கக் குற்றாலநாதனுக்குக் கடைசிவரை கை வரவில்லை.

மறுநாள் காலையில் டீக்கடையில் பீர் மைதீன் விஷயத்தை உடைத்தான்.

"அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் வெல போட்டுப் பாப்பாவ. எந்தப் பக்கம் கொறச்சலோ, அந்தப் பக்கத்தத்தான் எடுப்பாவ. சர்க்கார் துட்டு மிச்சம் பாக்கணும்லா?"

"இப்ப எது கொறச்சல்?"

பீர் மைதீன் டீயை ஊதினான். "அவுக பக்கம் கெணறு ஒண்ணே போதும், அண்ணாச்சி. நல்ல கெணறு. யாரு வெட்டினது?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குற்றாலநாதன் சிரிக்கவில்லை. மேற்கே எடுத்தால் வீடும் கிணறும் மொத்தமாய்ப் போய்விடும். பின்னால் மிஞ்சுவது கழுதை படுக்கிற அகலத்துக்கு ஒரு துண்டு. கொடுக்கிற பணத்தில் தென்காசியில் ஒரு கக்கூஸ்கூட வாங்க முடியாது.

அன்று சாயங்காலம் ரோட்டைத் தாண்டிப் பரமசிவனிடம் போனான். பரமசிவன் கட்டிலில் உட்கார்ந்து மோட்டார் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, ரெண்டு பக்கமும் பாதிப் பாதி எடுங்கன்னு சேந்து போயி மனுக் குடுப்போம். ஒனக்கும் கொஞ்சம், எனக்கும் கொஞ்சம் போவட்டும்."

"எனக்கு எதுக்கு மச்சான் போவணும்?"

"ஒன் கெணத்துக்கு வெல ஏறுனதாலதாம்லே எம் வீடு போவுது!"

"நீரு வெட்டுன கெணறு. நல்லா இல்லன்னு நான் எப்பிடிப் பொய் சொல்ல?" பரமசிவன் பல் தெரியச் சிரித்தான். "ஒம்ம கைராசி, மச்சான்."

அடுப்படியிலிருந்து சங்கரம்மாள் வெளியே வந்தாள். "அண்ணனக் கேலி பண்ணாதிய" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்கே திரும்பிப் போய்விட்டாள். மேற்கே ரோடு போனால் அவள் வீடு தப்பும் என்பது அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை குற்றாலநாதன் அச்சன்புதூர் போயிருந்த நேரத்தில் பரமசிவன் கோடாலியோடு மேற்கே வந்தான். குற்றாலநாதன் வீட்டு வாசலில் காய்ப்பிலிருந்த தென்னை ஐந்து. திங்கட்கிழமை மரக்கணக்கில் ஏற வேண்டியவை. பட்டப்பகலில், ரோட்டில் பஸ் போகப் போக, ஒன்றைச் சாய்த்துவிட்டு இரண்டாவதில் கை வைத்தான். வேதா ஓடிவந்தாள்.

"ஏ நாசமாப் போறவனே, யாரு மரத்த வெட்டுத?"

"மாமனாரு வச்ச மரம். எம் பொண்டாட்டிக்குப் பங்கு இல்லையா? எம் பங்க நான் வெட்டுதேன். ஏட்டி, நீ உள்ள போ."

அவள் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பரமசிவன் கோடாலியைத் திருப்பிப் பின்பக்கத்தால் ஒரு போடு போட்டான். முன்கை எலும்பு முறிந்து கை தனியே தொங்கியது. அவள் கத்தியது டீக்கடைவரை கேட்டது. யாரும் வரவில்லை. அவன் மொத்தம் மூன்று மரத்தைச் சாய்த்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனான்.

குற்றாலநாதன் வந்து பார்த்தபோது வேதாவின் கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். சைக்கிளில் கட்டியிருந்த கடப்பாரையை உருவினான். வலது கைக்கு வராது. இடது கையில் பிடித்தான்.

பரமசிவன் அரிவாளோடு ரோட்டின் நடுவில் எதிர்கொண்டான். குற்றாலம் போகிற பஸ் பிரேக் போட்டு நின்றது. தலையில் எண்ணெய் வடிய, தோளில் துண்டோடு குளிக்கக் கிளம்பிய கூட்டம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது.

"வாலே! பொம்பளகிட்டக் காட்டுன வீரத்த எங்கிட்டக் காட்டுலே!"

கடப்பாரை பரமசிவனின் விலாவில் இறங்கியது. மூச்சு அடைத்துக் குனிந்தவன் குனிந்தபடியே அரிவாளை மேலே வீசினான். குற்றாலநாதனின் இடது காது பாதி கிழிந்து கன்னத்தில் தொங்கியது. ரத்தம் கண்ணுக்குள் போக, பார்க்காமலே அடித்தான். ஒரு அடி தார் ரோட்டில் விழுந்தது. ஒன்று பரமசிவனின் முழங்காலில் விழுந்தது. விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து, கடப்பாரையைக் குறுக்கே வைத்துக் கழுத்தை அமுக்கினான். பரமசிவன் அவன் கையைக் கடித்துச் சதையைப் பிய்த்துத் துப்பினான். சங்கரம்மாள் நடுவில் பாய்ந்தாள். அண்ணனின் முழங்கை அவள் வாயில் பட்டு முன்பல் இரண்டு போயின. கண்டக்டரும் டிரைவரும் இறங்கி மூன்று பேரையும் பிய்த்தெடுத்தார்கள்.

போலீசுக்கு இரண்டு பேருமே போகவில்லை. கேஸ் என்று ஆகிவிட்டால் இடத்துக்கு விலையே போடமாட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். இரண்டு பேரும் அதை நம்பினார்கள்.

சனிக்கிழமை முழுக்கக் குற்றாலநாதன் படுத்தே கிடந்தான். காதுத் தையல் விண்விண் என்று தெறித்தது. வாசலில் மூன்று மரமும் விழுந்தபடி கிடந்தன. திங்கட்கிழமை குடையோடு அந்த ஆள் வருவார். இரண்டு மரம் என்று எழுதுவார். எதிரே போய், சுற்றுக்கட்டு வைத்த கிணறு என்று எழுதுவார். அந்தக் கிணறு இருக்கிறவரை தனக்கு வீடு இல்லை. அவன் புத்தி அதிலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்கரம்மாள் தன் மகள் சண்முகசுந்தரியைக் கூட்டிக்கொண்டு இலஞ்சிக் கோயிலுக்குக் கிளம்பிப் போனாள். பரமசிவன் நொண்டிக்கொண்டே டீக்கடைக்குப் போனான். குற்றாலநாதன் பார்த்துக்கொண்டிருந்தான். பாறை உடைக்கிற வேலைக்கு வாங்கி வைத்திருந்த வெடித் தோட்டாக்களை மடியில் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"எங்க போறிய?" என்றாள் வேதா.

"கெணத்துக்கு."

அவள் கை வலியில் முனகிக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

கிணற்றின் படிக்கல் ஒவ்வொன்றும் அவன் வைத்தது. எந்தக் கல் எந்தக் கல்லைத் தாங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். தண்ணீருக்கு மேலே, தாங்குகிற கற்களின் இடுக்குகளில் தோட்டாவைச் செருகி மண் அடைத்தான். திரியை நீளமாகவே விட்டான். பீடியால் பற்றவைத்துவிட்டு மேலே ஏறினான்.

ஏறியதும் கத்தினான்: "வேட்டு! வேட்டு! வேட்டு!"

கத்தாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க அவன் கத்தாமல் ஒரு வெடியும் வைத்ததில்லை. திரியில் நெருப்பு ஏறினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கேட்டவர்கள் ஓடி ஒளிவார்கள். அன்றும் ஓடினார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் பெஞ்சுக்கு அடியில் குனிந்தார்கள், ரோட்டில் போன வண்டிக்காரன் மாட்டைத் திருப்பினான்.

பரமசிவன் மட்டும் நொண்டிக் காலோடு கிணற்றைப் பார்த்து ஓடிவந்தான். 'வேட்டு' என்ற கத்தல் தன் தோப்பிலிருந்து வந்தால் அது எந்தக் கிணற்றுக்கு என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரியைப் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தான்.

"ஏலே போகாதலே! மாப்ளே! திரி கிட்ட வந்துட்டுலே!"

குற்றாலநாதன் குறுக்கே பாய்ந்து வேட்டியைப் பிடித்தான். பிடித்தது வலது கை. தோள் விட்டுக்கொடுத்தது. வேட்டி கையில் வந்தது, ஆள் வரவில்லை. பரமசிவன் கோவணத்தோடு படிக்கல்லில் இறங்கி, பாதியில் நின்று குனிந்தான்.

தரை ஒரு தடவை எம்பியது. சுற்றுக்கட்டு மொத்தமும் உள்ளே சரிந்தது.

புகை அடங்குமுன்பே குற்றாலநாதன் இறங்கிவிட்டான். கல்லைப் புரட்டிப் புரட்டித் தோண்டினான். பரமசிவனின் இடுப்புக்குக் கீழே ஒன்றும் உருப்படியாய் இல்லை. கண் திறந்திருந்தது. "கெணறு போச்சா?" என்று கேட்டான். "போச்சு" என்றான் குற்றாலநாதன். மேலே தூக்கி, ஒரு லாரியை மறித்து ஏற்றினார்கள். தென்காசி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது. கோயிலிலிருந்து திரும்பிய சங்கரம்மாள் ரோட்டில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

பாளையங்கோட்டை ஜெயிலில் அவன் ஏழு வருஷம் இருந்தான். வேதா அந்தக் கோணல் கையோடு பீடி சுற்றி வயிற்றைக் கழுவினாள். மனுப் போட்டு அவனைப் பார்க்க வந்த ஒரு தடவை அவள்தான் ரோடு போட்ட கதையைச் சொன்னாள். பீர் மைதீன் சொன்னது பொய்யில்லை. ஒரு பக்கமாக எடுக்கலாம் என்று ஒரு யோசனை இருந்திருக்கிறது. கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக எடுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் வீட்டின் முன்னறை போனது. அந்தப் பக்கம் தென்னையில் முன்வரிசையும் இடிந்த கிணறும் போயின.

"கெணத்துக்கு என்ன போட்டாவ?"

"கெணறுன்னு போடல. பள்ளம்னு போட்டாவ. தூர்க்குத செலவக் கழிச்சுட்டுத்தான் துட்டே குடுத்தாவ."

எண்பத்தாறில் வெளியே வந்தான். மோட்டார் இல்லை, வாழை இல்லை. சங்கரம்மாள் கால்வாயிலிருந்து குடம் சுமந்து, மிச்சமிருந்த தென்னைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். முன்பல் இல்லாத வாய் உள்ளே குழிந்துபோயிருந்தது. புது ரோட்டில் பஸ்கள் நிற்காமல் பறந்தன. அவன் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினான்.

"எதுக்கு வந்த?" என்றாள் சங்கரம்மாள், குடத்தை இறக்காமலே.

"கெணறு வெட்ட."

"அவுக உசுர ஒன்னால தர முடியாது. கெணத்தத் தரலாம். தரணும். எனக்குச் சீராச் சொன்ன கெணறு."

அவன் தோப்புக்குள் கால் வைத்தான். சண்முகசுந்தரி மட்டை சீவுகிற அரிவாளோடு வந்தாள். அப்பன் சாகும்போது ஒன்பது வயது. இப்போது அப்பனின் தோளும் நடையும் அவளுக்கு வந்திருந்தன.

"அம்ம கேப்பா. நான் கேக்கல. இந்த மண்ணுல நீ கால வைக்கக் கூடாது."

"தாயி, ஒங்கம்மைக்குத் தண்ணி—"

அவள் ஓங்கி வெட்டினாள். கடப்பாரை பிடித்திருந்த கையில் விரல் இரண்டு மண்ணில் விழுந்தன. அவன் துண்டைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தான். சங்கரம்மாள் மகளைத் தடுக்கவுமில்லை, அண்ணனைக் கூப்பிடவுமில்லை. குடத்தைத் தென்னை மூட்டில் கவிழ்த்துவிட்டுக் கால்வாய்க்குத் திரும்பினாள்.

கை ஆறியதும் அவன் மறுபடி போனான். சண்முகசுந்தரி மறுபடி அரிவாளோடு வந்தாள்.

சங்கரம்மாளுக்குக் குற்றாலநாதன் இன்னும் ஒரு கிணறு கொடுக்க வேண்டும்.