நேரான விளிம்பு

கொம்பையா தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்ததும் சாம்பல் சீறிக்கொண்டு புகைந்தது. சுடுகாட்டில் அவருக்கு முப்பது வருஷ வேலை. இரண்டாம் நாள் எலும்பு பொறுக்க ஒரு பெண்பிள்ளை வந்து நிற்பதை இன்றுதான் பார்க்கிறார்.

"பொம்பளப் பிள்ளைக்கு இங்கன என்னட்டி வேலை?" என்று பாண்டிராஜ் சித்தப்பா காலையிலிருந்தே குதித்துக்கொண்டிருந்தார். வனிதா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. லண்டனிலிருந்து பறந்து அவள் பசுவந்தனை வந்து சேர்வதற்குள் அப்பா மந்திரமூர்த்தியை எரித்துவிட்டார்கள். கிணற்றில் தவறி விழுந்து தலையில் கல் அடித்துவிட்டதாம். வைத்திருக்க ஐஸ் பெட்டி கிடைக்கவில்லையாம். பக்கத்துக் கோவில்பட்டியில் தெருவுக்குத் தெரு ஐஸ் பெட்டி வாடகைக்குக் கிடைக்கிறது.

அவள் படிப்பது ரோமாபுரிக் காலத்துச் சரித்திரம். பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்து, பழைய ரோமானியச் சுடுகாட்டில் கிடைத்த வெந்த எலும்புகளை இரண்டு வருஷமாகப் பிரித்து அடுக்குகிறாள். "எம்பிள்ளை சீமையில போயி எலும்பு பொறுக்குதா" என்று அப்பா டீக்கடையில் பெருமையடிப்பார். ரோமாபுரிக்காரர்களும் எலும்பைப் பொறுக்கிப் பாலிலும் திராட்சைச் சாராயத்திலும் கழுவுவார்கள் என்று அவள் சொன்னபோது, "பாலு சரி, சாராயத்தை எதுக்குட்டி வீணாக்கணும்?" என்று போனிலேயே சிரித்தார். அன்றைக்குத்தான், "ஒன் சித்தப்பன் வரப்புப் பொழியை வெட்டி வெட்டி நம்ம காட்டுக்குள்ள வாரான். இந்தத் தடவை விடமாட்டேன்" என்றும் சொன்னார்.

கொம்பையா எலும்புகளை ஆள் உருவமாக அடுக்கினார். கால், முழங்கால், இடுப்பு. தலைப்பக்கம் வந்தபோது வனிதாவின் கை தானாக நீண்டது. மண்டை ஓட்டின் ஒரு துண்டு. புரட்டி, அதன் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"இது வெட்டு, சித்தப்பா."

"என்னது?"

"அருவா வெட்டு. தீயில வெடிச்சா கோணல்மாணலா வெடிக்கும். இது நேரா இறங்கியிருக்கு."

"ஏட்டி, ரோமாபுரில செத்தவன் எலும்பும் எங்க அண்ணன் எலும்பும் ஒண்ணா?"

"தீ எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்."

பாண்டிராஜ் அவள் கையைத் துண்டோடு சேர்த்துப் பிடித்து நெரித்தார். உள்ளே மொறுமொறுவென்று நொறுங்கியது. அவர் விடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நெரித்தார். விட்டபோது அவள் உள்ளங்கையில் வெள்ளைப் பொடியும் ரத்தமும்தான் இருந்தன.

"ஒங்கம்மா இனி இங்கனதான் தனியா இருக்கணும்" என்றார் மெதுவாக. "நெனப்புல வச்சுக்கோ."

பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து அவர் மண்டையிலும் அதே இடத்தில் போட வேண்டும் என்று அவளுக்குக் கை துடித்தது. கூடப் பிறந்த அண்ணனை வெட்டியவன், அவருக்கே கொள்ளியும் வைத்திருக்கிறான்!

ஆனால் வெட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம்தான் பொடியாகியிருந்தது. பாண்டிராஜ் அந்தப் பக்கம் திரும்பி மீதித் துண்டுகளைக் குதிகாலால் நசுக்கத் தொடங்கிய நேரத்தில், இந்தப் பக்கம் சாம்பலுக்குள் பாதி புதைந்து வெட்டின் மறுபக்கத் துண்டு கிடப்பதை அவள் கண்டாள். அதே நேர் விளிம்பு. அவள் குனிந்தால் அவர் பார்த்துவிடுவார். வலது காலை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

எலும்புகளை அஸ்திப் பானையில் அள்ளிக்கொண்டிருந்த கொம்பையா அவள் காலைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் கெடக்கா?" என்றார் பாண்டிராஜ்.

"எல்லாம் அள்ளியாச்சு, அண்ணாச்சி." கொம்பையா பானையின் வாயைத் துணியால் கட்டினார்.

"வாட்டி. திருச்செந்தூருல போயிக் கரைக்கணும்."

"நீங்க முன்னால போங்க. வாரேன்."

சாம்பலின் அடிச்சூடு பாதத்தைச் சுட்டது. துண்டு உடைந்துவிடாமல் பாரத்தையெல்லாம் இடது காலில் தாங்கி நின்றாள். அப்பாவின் தலையை மிதித்துக்கொண்டு நிற்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது. வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை அவள் காலை எடுக்கவில்லை.