வாசலில் ஒட்டிய படம்

போனில் பேசியபோது நீச்சல்குள மேனேஜருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கல்லூரியில் நீச்சலுக்குக் கோப்பை வாங்கியவள், பயிற்சியாளர் சான்றிதழும் உண்டு. "நாளைக்கே வந்துடுங்கம்மா" என்றார். மறுநாள் நேரில் வந்து நின்றவளின் பருத்த உடம்பைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"டிக்கெட் கவுண்டர்ல ஆள் வேணும். உக்காந்த வேலை, உங்களுக்கும் சௌகரியம்."

"நிக்கக் கஷ்டம்னு நான் சொல்லவே இல்லையே சார்."

வேறு ஆள் கிடைக்காததால் பெண்களின் காலை வகுப்பை அரைமனதாகக் கொடுத்தார்.

"இவங்க இறங்குனா குளத்துத் தண்ணி பாதி ரோட்டுக்கு வந்துடும்" என்றாள் கரையில் நின்ற தையல்கடைக்காரி. அவள் ஈர்க்குச்சி உடம்புக்காரி. மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டதென்று நினைத்திருந்தாள் டீச்சர். மரக்கவில்லை. துண்டை மடித்து வைத்துவிட்டு இறங்கி, அலம்பல் சத்தம் இல்லாமல் மறுகரைக்குப் போய்த் திரும்பினாள். சிரிப்பு தானாக அடங்கியது.

தண்ணீரில் எல்லோரையும்விடப் பயந்தவள் அந்தத் தையல்கடைக்காரிதான். டீச்சரின் கழுத்தை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, "விட்டுடாதீங்க அக்கா!" என்று அலறினாள்.

"நான் எங்கடி தாங்குறேன், தண்ணிதான் தாங்குது. முதுகைத் தளர்த்து."

சில வாரங்களில் அவள் மிதந்தாள். வகுப்பும் நிரம்பி வழிந்தது. அந்த ஜோரில் மேனேஜர் வாசலில் ஒரு போஸ்டர் ஒட்டினார். 'பெண்களுக்கு நீச்சல் பயிற்சி' என்ற எழுத்துக்குக் கீழே கொடியிடையோடு சிரித்தது அவருடைய அக்கா மகள். முழங்கால் ஆழத்தைத் தாண்டாத பெண்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இவங்கெல்லாம் உங்ககிட்டப் பழகிட்டாங்க. பழகாதவங்க உங்க படத்தைப் பார்த்தா வாசலோட திரும்பிடுவாங்க."

"வாசல்லயே என்னை மறைச்சா எப்படி சார் பழகுவாங்க?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் தையல்கடைக்காரி கண் சிவக்க வந்தாள். "எங்க அண்ணன் பொண்ணும் உங்க மாதிரி உடம்புதான் அக்கா. வீட்டை விட்டு வெளியவே வர்றதில்ல. 'டீச்சரும் உன்னை மாதிரிதான், வா'ன்னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். போஸ்டரைப் பார்த்தா. 'நீயும் என்னைக் கேலி பண்றியா அத்தை?'ன்னு திரும்பிட்டா."

"எந்தப் பக்கம் போனா?"

"பஸ் ஸ்டாப் பக்கம் அக்கா."

நீச்சலுடைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட அவள் தெருவுக்கு ஓடினாள். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் விசிலடித்தான். பஸ் நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை.

அன்றிலிருந்து வகுப்பு தொடங்குமுன் அவள் தினமும் வாசலில் வந்து நிற்கிறாள். "ஏம்மா, மானம் போகுது" என்று முனகுகிறார் மேனேஜர். போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. நேற்று ஒருத்தி நின்று, "டீச்சர் எங்கங்க?" என்று கேட்டாள். "நான்தான்." அவள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வரட்டுமா?" என்றாள்.

தையல்கடைக்காரியின் அண்ணன் மகள் மட்டும் இன்னும் வரவில்லை.