சம்பந்தி வேட்டியில் ஊர்ந்தது

சம்பந்தி ஏகாம்பரத்தின் சலவை வேட்டியில் ஊர்ந்துகொண்டிருந்த உண்ணியைப் பஞ்சாட்சரம்தான் முதலில் பார்த்தார். ரத்தம் குடித்து ஊதி, ஆமணக்கு விதைபோல் பளபளத்தது. மகளைக் கட்டிக்கொடுத்த இடம். கல்யாணத்துக்குப் பிறகு வாலாஜாபாத்திலிருந்து இன்றுதான் முதல்முறையாக வந்திருக்கிறார். பஞ்சாட்சரம் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரமே குனிந்து பார்த்து, விரலால் சுண்டிவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சம்பந்தி, போவச்சே எனுக்கு சீர் வேற கட்டிக் குடுக்கறீங்களா?"

சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு அவர் உத்திரமேரூர் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். பஞ்சாட்சரத்துடையது தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைமை தாங்கிய வீடு. அந்த வீட்டு நாய் சிப்பாய்க்கு உண்ணி. நாற்காலிக்கு அடியில் சிப்பாய் ஒன்றும் அறியாமல் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

பஞ்சாட்சரம் நேரே உள்ளே போய், நெற்பயிருக்குத் தூவியதில் மிச்சமிருந்த பூச்சிமருந்துத் தூளை டின்னோடு எடுத்து வந்தார். அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி பவளம் ஈரக்கையோடு எழுந்தாள்.

"அது இன்னாத்துக்கு?"

"நாயிக்குத் தடவப் போறேன். சம்பந்தி வர்றதுக்குள்ள ஒரு உண்ணி இருக்கக்கூடாது."

"இருக்காது. நாயும் இருக்காது. ஒடம்ப நக்காத நாயி எங்கன்னா கீதா? கன்னியப்பன் வூட்டு நாயி எப்டிப் போச்சி?"

அது நுரை தள்ளிக் கிடந்ததை அவரும் பார்த்திருக்கிறார். எதையோ தின்றுவிட்டது என்று அன்று தீர்ப்புச் சொன்னவரும் அவர்தான். டின்னை மூடி, எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"அப்ப மண்ணெண்ண?"

"தோலு வெந்துபூடும். ஒண்ணொண்ணாத்தான் எடுக்கணும். எங்கம்மா வூட்ல ஆட்டுக்கே அப்டித்தான்."

"வேலைக்காரன் முனியனக் கூப்புடு."

"வேற ஆளு காதத் தொட்டா அது கடிக்கும். உங்குளுக்குத் தெரியாதா?"

தெரியும். வெளிச்சத்துக்காகத் தெருப்பக்கத்து வாசலில் சாக்கு விரித்தாள் பவளம். கொட்டாங்கச்சியில் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஊற்றி வைத்தாள். பிறகு அவர் அரைஞாணில் தொங்கிய முள்வாங்கியைப் பார்த்தாள்.

"இது எங்க நைனாவோடது!"

"நாயி கால்ல முள்ளு குத்தினா எடுக்க மாட்டீங்களா? இதுவும் முள்ளுதான்."

முள்வாங்கியை அவிழ்த்தார். முதுகு வளையாமல் உட்கார்ந்தார். சிப்பாய் கூப்பிடாமலே வந்து மடியில் தலையை வைத்தது.

முதல் உண்ணியை எடுத்து நகத்தில் வைத்து நசுக்கப் போனார்.

"நசுக்காதீங்க! அந்த ரத்தம் கையில படக்கூடாது. கொட்டாங்கச்சியில போடுங்க. வயித்தப் புடிக்காம, தோலோட ஒட்டிப் புடிச்சி நேரா இழுங்க. தல உள்ள நின்னா புண்ணாயிடும்."

தெருவில் போன வண்டிக்காரன் மாட்டை நிறுத்தியே பார்த்தான். பஞ்சாட்சரம் நிமிர்ந்து முறைத்ததும் வண்டி நகர்ந்தது. அதற்குப் பிறகு தெரு அவருக்கு மறந்துபோனது. காதுமடலின் உட்புறம், கழுத்து, விரலிடுக்கு. ஒவ்வொன்று விடுபடும்போதும் சிப்பாய் பெருமூச்சு விட்டது. அந்த மூச்சு தொடையில் வெதுவெதுப்பாகப் பட்டது. அவரும் கூடவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

நிழல் விழுந்தது. பூப்போட்ட பையோடு ஏகாம்பரம் நின்றிருந்தார். எழுந்திருக்கலாமென்றால் மடியில் தலை. பஞ்சாட்சரம் முள்வாங்கியைக் கீழே போடவில்லை.

"எங்க வூட்டு நாயி சம்பந்தி," என்றார். "நான்தான் பாக்கணும்."

ஏகாம்பரம் தெருவை இரு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வூட்டு நாயிக்கும் கீது. நான் வெளிய சொல்றதில்ல. இதோ, வாலுக்குக் கீய ஒண்ணு கீது பாருங்க."

பையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாக்கின் மறுமுனையில் அவரும் உட்கார்ந்தார். சிப்பாய் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. பிறகு நாலு காலையும் மேலே தூக்கி, மல்லாந்து, வயிறு முழுவதையும் வெயிலுக்குக் காட்டியது. இரண்டு பெரிய மனிதர்களும் அந்த வயிற்றைப் பார்த்தபடி வேட்டியை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டார்கள்.